மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பில் செல்களைச் செறிவாக்கப் பார்க்கிறேன், பாதி செல் காணாமல் போகிறது. எங்கே போகிறது?

நுண்குழல்:

வணக்கம் நண்பர்களே. ஆராய்ச்சிப் படிப்பில் இது எனக்கு இரண்டாவது வருடம். மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் (முடியளவு நுண்ணிய சேனல்களில் திரவத்தை ஓட்டும் துறை) பக்கம் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அதனால் அடிப்படையிலேயே ஏதாவது தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது 10 மில்லி சாம்பிள். மில்லிக்குச் சுமார் 500 செல், ஆக மொத்தமே 5000 செல்தான். வளர்ப்பு செல்கள், சராசரி விட்டம் 15 மைக்ரான். இதை 200 மைக்ரோ லிட்டருக்குள் கொண்டுவந்து மைக்ரோஸ்கோப்பில் படம் எடுக்க வேண்டும். முதலில் சென்ட்ரிஃபியூஜில் 300 ஜி, 5 நிமிடம் சுற்றிப் பார்த்தேன். இவ்வளவு குறைந்த செல்லுக்குப் பெல்லட் (அடியில் படியும் செல் கட்டி) கண்ணுக்கே தெரிவதில்லை, மேலே இருக்கிற திரவத்தை உறிஞ்சும்போது கூடவே எவ்வளவு செல் போகிறது என்பதும் தெரிவதில்லை, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வருகிறது.

அதனால் ஒரு சிப் செய்தேன். பிடிஎம்எஸ் (மிருதுவான சிலிக்கோன் ரப்பர்), கண்ணாடி ஸ்லைடின் மேல் பிளாஸ்மா வைத்து ஒட்டியது. நேரான சேனல்: அகலம் 100 மைக்ரான், உயரம் 50, நீளம் 4 சென்டிமீட்டர். முடிவில் மூன்றாகப் பிரிகிறது, மூன்று கிளையும் ஒரே அகலம், ஒவ்வொன்றும் 1 சென்டிமீட்டர். வேகமாக ஓடும் திரவமே செல்களைச் சேனலின் நடுக் கோட்டுக்குத் தள்ளி வரிசைப்படுத்தும், அதனால் நடுக் கிளையில் செல்களும் ஓரக் கிளைகளில் வெறும் பஃபரும் (செல் மிதக்கும் உப்புக் கரைசல்) வர வேண்டும் என்பது திட்டம். சிரிஞ்ச் பம்ப் நிமிடத்துக்கு 100 மைக்ரோ லிட்டர்.

10 மைக்ரான் ஃப்ளூரசன்ட் மணிகளை விட்டபோது நடுவில் கோடு கிழித்த மாதிரி போயின. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். செல்லை விட்டால் நடுக் கிளையில் செறிவு இரண்டு மடங்குகூட ஏறவில்லை. அதைவிட, மூன்று கிளையிலும் வந்ததைக் கூட்டினால் நான் விட்டதில் பாதிதான் தேறுகிறது. நியூபார் சேம்பரில்தான் (கட்டம் போட்ட செல் எண்ணும் கண்ணாடி) எண்ணுகிறேன். சேனலைச் சுருளாக மாற்றினால் சரியாகுமா? வேகத்தைக் கூட்டலாமா? புது மாஸ்க் (சேனல் வடிவத்தை அச்சடிக்கும் படம்) வரைவதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

பழைய லேப்காரர்:

மாஸ்க்கை இப்போது தொடாதீர்கள். உங்கள் சிப் மேல் எனக்கு இன்னும் சந்தேகம் வரவில்லை, உங்கள் எண்ணிக்கை மேல்தான் வருகிறது.

நியூபார் சேம்பரில் ஒரு பெரிய சதுரம் 1 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர், ஆழம் 0.1 மில்லிமீட்டர், அதாவது 0.1 மைக்ரோ லிட்டர். ஒன்பது சதுரத்தையும் சேர்த்தாலும் 0.9 மைக்ரோ லிட்டர்தான். உங்கள் சாம்பிளில் மில்லிக்கு 500 செல் என்றால் சேம்பர் முழுக்கத் தேடினாலும் சராசரியாக அரை செல்கூட இருக்காது! நடுக் கிளையில் 1500 ஆக ஏறியிருந்தாலும் ஒன்றோ இரண்டோதான் கண்ணில் படும். ஒரு தடவை 0, அடுத்த தடவை 2, அதன் சராசரி 1 என்று எழுதி அதிலிருந்து "இரண்டு மடங்கு", "பாதி" என்றெல்லாம் சொல்ல முடியாது. 100 செல்லை எண்ணினால்தான் பிழை 10 சதவீதத்துக்கு வரும், 400 எண்ணினால் 5 சதவீதம். எண்ணப்படும் செல்லின் வர்க்கமூலம்தான் ஏற்ற இறக்கம், அதை எந்தச் சிப்பாலும் மாற்ற முடியாது.

ஆகவே கால்சீன் ஏஎம் (உயிருள்ள செல்லை ஒளிர வைக்கும் சாயம்) போட்டுச் சாயமேற்றுங்கள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் வருவதை முழுசாகவோ, தெரிந்த ஒரு பகுதியையோ, 96 குழித் தட்டில் தட்டையான குழிகளில் ஊற்றி, செல் அடியில் உட்காரும் வரை பொறுத்து, குழி முழுவதையும் படமெடுத்து எண்ணுங்கள். ஆரம்ப சாம்பிளையும் இதே முறையில் எண்ண வேண்டும். கெட்டியான ஸ்டாக்கை நீர்க்க வைத்த கணக்கை நம்பிவிடக் கூடாது, நீர்க்க வைக்கும்போதே பைப்பெட் முனையிலும் குழாய்ச் சுவரிலும் செல் ஒட்டியிருக்கும்.

அடுத்து, சிப்புக்குள் போகாத செல்லைத் தேடுங்கள். சிரிஞ்ச் பம்ப் படுத்த வாக்கில்தானே இருக்கிறது? 15 மைக்ரான் செல் பஃபரில் விழும் வேகத்தை ஸ்டோக்ஸ் விதியில் போட்டுப் பாருங்கள். அடர்த்தி வித்தியாசம் 5 சதவீதம் என்று வைத்தால் நொடிக்கு 6 மைக்ரான் வரும், மணிக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல். 10 மில்லி சிரிஞ்சின் உள்விட்டமே ஒன்றரை சென்டிமீட்டர்தான். நிமிடத்துக்கு 100 மைக்ரோ லிட்டர் என்றால் முழு சாம்பிளும் போக 100 நிமிடம் ஆகும், ஆனால் முதல் 40 நிமிடத்திலேயே செல் எல்லாம் சிரிஞ்சின் அடிச்சுவரில் படுத்துவிடும். பிறகு போவது பெரும்பாலும் தெளிந்த பஃபர். நான் இதே தப்பில் ஒரு வருடத்தின் பாதியை விட்டிருக்கிறேன், மூன்று டிசைன் மாற்றிய பிறகுதான் ஒருநாள் காலியான சிரிஞ்சை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. அடிப்பக்கம் முழுக்கச் செல் வரிசை.

இதற்கு எளிய வழி, பம்பை நிமிர்த்தி சிரிஞ்சின் முனை கீழே பார்க்கும்படி வைத்து, உள்ளே ஒரு சின்னக் காந்தத் துண்டைப் போட்டு, வெளியிலிருந்து இன்னொரு காந்தத்தால் மெதுவாக அசைத்துக்கொண்டே இருப்பது. அயோடிக்சனால் என்ற அடர்த்தி கூட்டும் பொருளைக் கலந்து பஃபரின் அடர்த்தியைச் செல்லுக்கு இணையாக்கலாம், அதுவும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது பாகுத்தன்மையையும் கூட்டும், ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் உந்தம் பாகுத்தன்மையைவிட எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்ற அளவு) குறையும், அப்புறம் செல் வரிசைப்படும் தூரமும் மாறும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.

குழாயையும் பாருங்கள். அரை மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் 1 மீட்டர் இருந்தால் அதற்குள்ளேயே கிட்டத்தட்ட 200 மைக்ரோ லிட்டர் நிற்கும். உங்களுக்கு வேண்டிய கடைசி அளவே அவ்வளவுதான்! குழாயை நறுக்கிச் சுருக்குங்கள். ஓட்டத்துக்கு முந்தின இரவே சிரிஞ்ச், குழாய், சிப் எல்லாவற்றிலும் செல் சுவரில் ஒட்டாமலிருக்க 1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) அல்லது ப்ளூரானிக் எஃப்-127 நிரப்பி வையுங்கள். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க பஃபரில் 2 மில்லி மோலார் இடிடிஏ, உள்ளே விடும் முன் 40 மைக்ரான் சல்லடை. இதெல்லாம் முடித்துவிட்டு நான்கு எண்ணைக் கொண்டுவாருங்கள்: சிரிஞ்சில் தங்கியது, குழாயில் தங்கியது, ஓரக் கிளைகளில் வந்தது, நடுக் கிளையில் வந்தது. நான்கையும் கூட்டினால் ஆரம்ப எண்ணுக்குப் பக்கத்தில் வர வேண்டும். வராத வரை வடிவத்தைப் பற்றிப் பேசி ஒரு பயனும் இல்லை.

கயல்:

மேலே அண்ணன் சொன்னது முழுக்கச் சரி, முதலில் அதைச் செய்யுங்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் எண்ணிக்கை சரியாக வந்த பிறகும் இந்த சிப் உங்களை ஏமாற்றத்தான் போகிறது.

மூன்று கிளையும் ஒரே அளவு என்றால் நடுக் கிளைக்குப் போவது மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு செல்கூடத் தவறாமல் அத்தனையும் நடுவில் வந்தாலும் செறிவு 3 மடங்குக்கு மேல் ஏறவே முடியாது. செறிவு மடங்கு என்பது, உள்ளே போகும் ஓட்டத்தை நடுக் கிளை ஓட்டத்தால் வகுத்து, நடுவில் பிடிபட்ட பங்கால் பெருக்கினால் வருவது. 70 சதவீதம் பிடிபட்டால் 2.1. உங்களுக்கு இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வந்திருந்து, அது உண்மையான எண்ணாக இருந்தால் சிப் நன்றாகவே வேலை செய்கிறது என்று அர்த்தம்!

உங்களுக்கு வேண்டியது 10 மில்லியிலிருந்து 200 மைக்ரோ லிட்டர், அதாவது 50 மடங்கு. நடுக் கிளையை ஒடுக்கி ஓட்டத்தில் 2 சதவீதத்தை மட்டும் எடுத்தால் வந்துவிடுமே என்று தோன்றும், நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த 2 சதவீதம் சேனலில் எவ்வளவு அகலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நடுவில் வேகம் அதிகம் என்பதால் 2 மைக்ரான்கூட இருக்காது. 15 மைக்ரான் செல்லின் மையம் அந்த 2 மைக்ரான் பட்டைக்குள் விழ வேண்டும். செல்லில் சிறிசும் பெரிசும் இருக்கும், மிருதுவானதும் இருக்கும், மணி மாதிரி ஒரே கோட்டில் போகாது. 10 மடங்குக்குக்கூடப் பட்டை 10 மைக்ரானுக்குக் கீழேதான். ஒரு அடுக்கில் 4 அல்லது 5 மடங்கு என்று நிறுத்திக்கொண்டு, ஒன்றின் நடுக் கிளையை அடுத்ததற்குள் விடும்படி அடுக்குகளைச் சேர்ப்பதே நல்லது.

வேகத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது சராசரி வேகம் நொடிக்கு 33 சென்டிமீட்டர், ரெனால்ட்ஸ் எண் 22 பக்கம் இருக்கிறது. செல் விட்டத்தைச் சேனலின் நீரியல் விட்டத்தால் (செவ்வகச் சேனலுக்கு இணையான குழாய் விட்டம்) வகுத்தால் 0.22, வரிசைப்பட 0.07 இருந்தாலே போதும் என்பது பொதுவான கணக்கு. அதாவது வேகமும் அளவும் போதும். கூட்டினால் அழுத்தம் ஏறும். இப்போதே சேனல் நெடுக 90 கிலோ பாஸ்கல் பக்கம் விழுகிறது, பிடிஎம்எஸ் மிருதுவானது, நுழைவாய்ப் பக்கம் கூரை மேலே உப்பும். அங்கே நீங்கள் வரைந்த 50 மைக்ரான் உயரம் 50 ஆக இருக்காது.

இன்னொன்று, மேலிருந்து பார்க்கும்போது ஒரு கோடாகத் தெரிவது உண்மையில் இரண்டு கோடு. செக்ரேவும் சில்பர்பெர்க்கும் 1961-இல் உருண்டைக் குழாயில் பார்த்தபோது துகள்கள் மையத்திலிருந்து ஆரத்தில் 0.6 பங்கு தூரத்தில் வளையமாக நின்றன. உங்கள் சேனல் மாதிரி அகலமும் தட்டையுமாக இருந்தால் அந்த வளையம் உடைந்து, மேல்சுவருக்கு நடுவில் ஒன்று, கீழ்ச்சுவருக்கு நடுவில் ஒன்று என இரண்டு இடம் மிஞ்சும். ஒன்றன் மேல் ஒன்று. மைக்ரோஸ்கோப்பில் ஒரு உயரத்தில் மட்டும் ஃபோகஸ் வைத்தால் பாதிச் செல் மங்கலாகப் போகும், அவற்றைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

சுருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வளைவில் திரவம் குறுக்காகச் சுழலும் டீன் சுழல் உண்டாகி, பெரிய செல்லையும் சிறியதையும் தனித்தனி இடத்துக்குக் கொண்டுபோகும். ரத்தத்திலிருந்து பெரிய செல்லை மட்டும் பிரித்தெடுப்பவர்களுக்கு அது பொன். உங்களிடம் ஒரே வகைச் செல்தான் இருக்கிறது, பிரிக்க ஒன்றும் இல்லை.

தேன்சிட்டு:

ஒரு மாற்றுக் கருத்து. 10 மில்லி, எப்போதாவது ஒரு சாம்பிள் என்றால் எதற்கு இத்தனை பாடு? சென்ட்ரிஃபியூஜிலேயே இழப்பைக் குறைக்கலாம். ஆடும் வகை ரோட்டர், கூம்பு அடிக் குழாய், செல் ஒட்டாத பிளாஸ்டிக், பஃபரில் கொஞ்சம் பிஎஸ்ஏ, நிறுத்தும்போது பிரேக் வேண்டாம். முக்கியமாக, அடிவரை உறிஞ்சாதீர்கள். மேலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டே வந்து, கடைசி 200 மைக்ரோ லிட்டரை அப்படியே விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியதே அந்த அளவுதானே?

சிப்தான் வேண்டும் என்றால் ஒலியை வைத்துச் செய்வதையும் யோசித்துப் பாருங்கள். தண்ணீரில் 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 750 மைக்ரான், சேனல் அகலம் அதில் பாதி, 375 மைக்ரான் என்றால் நடுவில் அழுத்தக் கணு (ஒலியழுத்தம் ஏறி இறங்காத இடம்) உருவாகி செல் அங்கே வந்து கூடும். வேகமாக ஓட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, மெதுவாகவும் போகலாம். விசை செல்லின் பருமனைப் பொறுத்தது என்பதால் 15 மைக்ரான் செல்லுக்கு நன்றாக இழுக்கும், பாக்டீரியா அளவுக்குப் போனால் சிரமம். பிடிஎம்எஸ் ஒலியை விழுங்கிவிடும், சிலிக்கானோ கண்ணாடியோ வேண்டும். அதுதான் கஷ்டம்.

பழைய லேப்காரர்:

தேன்சிட்டு சொன்ன சென்ட்ரிஃபியூஜ் முறையை ஒரு ஒப்பீடாக நிச்சயம் செய்து வையுங்கள், சிப் அதைவிட நன்றாக இருக்கிறது என்று காட்ட அந்த எண் தேவைப்படும். ஆனால் "எதற்குப் பாடு" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. செல்லை அடியில் கட்டியாக அழுத்தாமல், ஓட்டத்திலேயே வைத்து, அப்படியே அடுத்த சிப்புக்கு அனுப்ப முடிவது பெரிய விஷயம். மொத்தமே சில நூறு செல் இருக்கும் சாம்பிள்களில் ஒவ்வொரு தடவை குழாய் மாற்றும்போதும் இழப்புதான்.

நுண்குழல்:

தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டு வாரம் ஆகிவிட்டது. சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் எண்ணினேன்.

முதலில் எதையும் மாற்றாமல், படுத்த பம்பிலேயே: ஆரம்பத்தில் 4700 செல். சிரிஞ்சில் தங்கியது 1900, குழாயிலும் நுழைவாயிலும் 300, ஓரக் கிளைகள் இரண்டும் சேர்த்து 550, நடுக் கிளை 1850. கூட்டினால் 4600. எங்கேயும் மாயமாகவில்லை! சிரிஞ்சிலிருந்து கழுவி எடுத்த அந்த 1900 செல்லைத் தட்டில் பார்த்தபோது ஆறு மாதமாக என்னைப் படுத்தியது இதுதானா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு பம்பை நிமிர்த்தி, காந்தம் போட்டு, குழாயை 15 சென்டிமீட்டராக நறுக்கி, பிஎஸ்ஏ ஊற வைத்து ஓட்டினேன். ஆரம்பம் 4800, சிரிஞ்சில் 350, குழாயில் 150, ஓரம் 800, நடு 3400. சிப்புக்குள் போனதில் 81 சதவீதம் நடுவில் வந்திருக்கிறது. செறிவு 2.1 மடங்கு. கயல் அக்கா சொன்ன கணக்கேதான்.

சென்ட்ரிஃபியூஜில் கடைசி 200 மைக்ரோ லிட்டரை விட்டுப் பார்த்ததில் முன்னைவிட மிக நன்றாக வந்தது, ஆனால் மூன்று தடவையில் ஒரு தடவை கை ஆடிவிட்டது.

இப்போது இரண்டு கேள்வி. ஓரத்தில் போகும் 800-இல் 600 ஒரே பக்கம் போகிறது, இடது கிளையில். ஏன்? அடுக்கு வைத்துச் செய்வதென்றால் இரண்டாவது அடுக்குக்கு ஓட்டம் குறைந்துவிடுமே, அங்கே செல் எப்படி வரிசைப்படும்?

கயல்:

எண்களைப் பார்த்து ரொம்ப சந்தோஷம். 4800-க்கு 4700 தேறுகிறது என்றால் இனி எந்த மாற்றம் செய்தாலும் அதன் பலன் உங்களுக்குத் தெரியும்.

ஒரு பக்கச் சாய்வுக்கு, முதலில் மூன்று சேகரிப்புக் குழாயின் நுனியும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கிளை ஒவ்வொன்றிலும் விழும் அழுத்தம் 8 கிலோ பாஸ்கல் பக்கம்தான் வரும். ஒரு குழாயின் நுனி 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தாலே 1 கிலோ பாஸ்கல் வித்தியாசம், அந்தப் பக்கம் ஓட்டம் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும், நடுக் கோடு அந்தப் பக்கம் சாயும். மூன்று கிளையில் வந்த திரவத்தையும் தனித்தனியாக எடை போட்டால் இது உடனே தெரியும், எண்ணவே வேண்டாம். எடை சமமாக இருந்தும் செல் மட்டும் இடது பக்கம் போனால் பிரியும் இடத்தில் தூசியோ பிடிஎம்எஸ் துணுக்கோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் நுழைவாய் ஓட்டை குத்தும்போது வந்த துணுக்காகத்தான் இருந்திருக்கிறது. ஓட்டை குத்தியதும் பின்பக்கமிருந்து கழுவுங்கள், நுழைவாய்க்குப் பிறகு 40 மைக்ரான் இடைவெளியில் தூண் வரிசை ஒன்றும் வரைந்துவிடுங்கள்.

அடுக்குக்கு ஒரு வழி இருக்கிறது. முதல் அடுக்கில் ஒரே மாதிரி 16 சேனல், ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 100 மைக்ரோ லிட்டர், ஒவ்வொன்றின் நடுக் கிளையும் கால் பங்கு ஓட்டத்தை எடுக்கட்டும். நான்கு நடுக் கிளை ஒன்று சேர்ந்தால் மறுபடி 100 மைக்ரோ லிட்டர், அது இரண்டாம் அடுக்கின் ஒரு சேனல். அப்படி நான்கு சேனல், அவற்றின் நடுக் கிளைகள் சேர்ந்து மூன்றாம் அடுக்கில் ஒரே சேனல். எல்லா அடுக்கிலும் வேகம் ஒன்றே, சேனல் அளவும் ஒன்றே, செல் அதே தூரத்தில் வரிசைப்படும். ஒன்றுகூடத் தவறாவிட்டால் 64 மடங்கு. அடுக்குக்கு 85 சதவீதம் பிடித்தாலும் மூன்று அடுக்கு தாண்டி 61 சதவீதம் மிஞ்சும், செறிவு 39 மடங்கு. 10 மில்லி 6 நிமிடம் சொச்சத்தில் ஓடிவிடும், செல் சிரிஞ்சில் உட்காரவே நேரம் இருக்காது.

ஆனால் ஒரே மூச்சில் மூன்று அடுக்கு வரையாதீர்கள். பின் அடுக்குகளின் எதிர்ப்பு முன் அடுக்கின் நடுக் கிளையோடு சேர்ந்துகொள்ளும், அதை ஈடுகட்ட ஓரக் கிளைகளை நீளமாக்க வேண்டியிருக்கும், இந்தக் கணக்கில்தான் எல்லோரும் இடறுகிறார்கள். முதலில் நான்கு சேனல், அது சேரும் ஒரு சேனல், அவ்வளவு மட்டும் வரையுங்கள். ஓட்டி, ஒவ்வொரு வாயிலும் வந்ததை எடை போட்டு, நடுவில் கால் பங்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள், மாஸ்க் படத்தையும் இங்கே இணைத்தால் கிளை நீளத்தைச் சேர்ந்து பார்ப்போம்.

நுண்குழல்:

எடை போட்டேன். இடது குழாயின் நுனி பெட்டி ஓரத்தைத் தாண்டி மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் 39 சதவீத ஓட்டம். மூன்றையும் ஒரே ரேக்கில் ஒரே உயரத்தில் வைத்ததும் 33, 34, 33. செல் எண்ணிக்கையை நாளைக்கு எடுக்கிறேன், நான்கு சேனல் படத்தை இந்த வாரமே வரைந்து இங்கே போடுகிறேன் அக்கா.